பாடாமல் நின்ற மூவர்

கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சிலாற்றங்கரையில் இருக்கிறது கிடங்கூர். 1985-ஆம் ஆண்டு அந்த ஊர் என்.எஸ்.எஸ். உயர்நிலைப் பள்ளியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர் படித்துக்கொண்டிருந்தார்கள். பிஜோ பத்தாம் வகுப்பு. பினுமோள் ஒன்பதாம் வகுப்பு. கடைக்குட்டி பிந்து ஐந்தாம் வகுப்பு. தினமும் காலையில் பள்ளி மொத்தமும் வரிசைகட்டி நின்று தேசிய கீதம் பாடும்போது இவர்களும் எழுந்து நிமிர்ந்து நிற்பார்கள். வாயை மட்டும் திறக்கமாட்டார்கள்.

அவர்கள் குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. கொடிக்கு வணக்கம் செலுத்துவதும் நாட்டுப் பண்ணைப் பாடுவதும் வழிபாட்டுக்கு ஒப்பான செயல்கள், வழிபாடு கடவுளுக்கு மட்டுமே உரியது என்பது அவர்கள் கொள்கை. 'ஜன கண மன'வின் சொல்லிலோ பொருளிலோ அவர்களுக்குக் குறை கிடையாது. அமெரிக்காவில் பிறந்திருந்தால் அமெரிக்கப் பண்ணையும் பாடியிருக்கமாட்டார்கள்.

அதே பள்ளியில் முன்பு படித்த அக்காமாரும் இப்படித்தான் நின்றார்கள். ஆசிரியர்கள் பார்த்தார்கள், சக பிள்ளைகள் பார்த்தார்கள், யாருக்கும் அது உறுத்தவில்லை. பல ஆண்டுகள் அப்படியே போயின. 1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் அது பட்டது. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்தது. பிள்ளைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், கீதத்தை அவர்கள் அவமதிக்கவில்லை என்றே அது அறிக்கை தந்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகும் பள்ளித் துணை ஆய்வாளர் உத்தரவிட, ஜூலை 26 அன்று மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அரசு ஒரு முடிவு சொல்லும்வரையாவது வகுப்பில் உட்கார விடுங்கள் என்று தகப்பனார் கேட்டுப் பார்த்தார். தன் கையில் ஒன்றும் இல்லை என்றார் தலைமை ஆசிரியை.

அந்தப் பதிலைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் மீது அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. மேலிடத்துச் சொல்லுக்கும் எதிரே நிற்கும் பிள்ளைகளுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டவர் அவர். மனசாட்சிக்காக நின்றவர்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், கொடுமைக்காரர்களைவிட இப்படிக் கைவிரித்தவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

கேரள உயர் நீதிமன்றத்தில் பிள்ளைகள் பெயரில் ரிட் மனு போடப்பட்டது. தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் டிவிஷன் பெஞ்சும் தள்ளியது. கீதத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்தது அந்த அமர்வு. யாருடைய மத உணர்வையும் புண்படுத்தும் சொல்லோ கருத்தோ அதில் இல்லை, பிறகு பாடுவதற்கு என்ன தடை என்பது அதன் வாதம். மேலோட்டமாகக் கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் பிள்ளைகள் அந்தப் பாட்டில் குற்றம் கண்டதாக எந்த இடத்திலும் சொல்லவே இல்லை. கேட்காத கேள்விக்கு நீதிமன்றம் பதில் எழுதியிருந்தது.

இந்தத் தவறை உச்ச நீதிமன்றம் நேராகச் சுட்டிக்காட்டியது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் அமர்வு தீர்ப்பு வழங்கியது. சட்ட நூல்களில் 'பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு' என்று இருப்பது இதுதான். தேசிய கீதத்தைப் பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1971-இன் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், பிறர் பாடுவதைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பதையும்தான் குற்றமாக்குகிறது. கேரளக் கல்வித் துறை காட்டிய சுற்றறிக்கைகளுக்கோ சட்ட வலு இல்லை. பேச்சுரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும். இவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டு நீதிபதிகள் மையமான இடத்துக்கு வந்தார்கள். ஒரு நம்பிக்கை நம் அறிவுக்கோ மனதுக்கோ உகந்ததாக இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கக் கூடாது. அது உண்மையாகவும் மனசாட்சியோடும் கொண்ட நம்பிக்கைதானா என்று மட்டுமே பார்க்க வேண்டும்.

இந்தக் கருத்துக்கு அவர்கள் துணைக்கழைத்த பழைய வழக்குகளைப் பாருங்கள். ஒன்று பம்பாயில் பார்சிக்காரர்கள் இறந்தோருக்குச் செய்யும் முக்தாத் சடங்குக்காக ஏற்படுத்திய அறக்கட்டளை செல்லுமா என்ற வழக்கு. அதில் தீர்ப்பெழுதியவர் நீதிபதி தாவர். 1908-இல் திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தவரும் இவரே. ஒரு சமூகம் ஒன்றை நம்புகிறது என்றால் நீதிபதி அதை ஏற்கவேண்டும், அந்த நம்பிக்கைக்குத் தீர்ப்புச் சொல்ல அவர் யார் என்ற பொருள்பட அவர் எழுதியிருந்தார். இன்னொன்று 1954-இல் ஒரு சமணக் கோயில் நிர்வாகியும் பார்சி பஞ்சாயத்து அறங்காவலர்களும் பம்பாய் அரசை எதிர்த்து நடத்தியது. தாவரின் சொற்களை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது அதில்தான். மூன்றாவது நம் பக்கத்து வழக்கு. உடுப்பி அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்குள்ள எட்டு மாத்வ மடங்களில் ஒன்றான ஷிரூர் மடத்தின் சுவாமிகள், சென்னை இந்து அறநிலையச் சட்டம் மடத்துக்குள் அளவுமீறித் தலையிடுவதாக வழக்காடினார். மதம் என்பது கொள்கையோடு முடிவதில்லை, சடங்கும் வழிபாட்டு முறையும், ஏன், உணவும் உடையும்கூட அதற்குள் அடங்கக்கூடும் என்று அதே 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு மடாதிபதியும் ஒரு சமணரும் பார்சிகளும் அவரவர் வழக்குக்காகக் கட்டிய சுவர்கள் இவை. அந்த நிழலில்தான் கிடங்கூரின் கிறிஸ்தவப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். எனக்குத் தேசிய கீதம் என்றால் உயிர். கூட்டத்தில் அதைப் பாடும்போது இன்றும் தொண்டை அடைக்கும். பாடக்கூடாது என்பதற்கு அந்தக் குடும்பம் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்க முடியாததாலேயே இந்தத் தீர்ப்பைப் போற்றுகிறேன். எனக்குப் பிடித்த நம்பிக்கைக்கு மட்டும் காவல் இருக்குமென்றால், ஊரில் பெரும்பான்மை மாறும் நாளில் என் வீட்டு வாசலில் காவல் இருக்காது.

இதே கேள்வியை அமெரிக்கா அரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்திருந்தது. நம் நீதிபதிகள் அந்தத் தீர்ப்புகளையும் புரட்டிப் பார்த்தார்கள். 1935-இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊரில் கொபிடாஸ் குடும்பத்தின் 12 வயது லில்லியனும் 10 வயதுத் தம்பி வில்லியமும் கொடிவணக்கம் செய்ய மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அன்றைய அமெரிக்கக் கொடிவணக்கத்தில் வலக்கையை முன்னால் நீட்ட வேண்டும். ஜெர்மனியில் ஹிட்லருக்கு அப்படிக் கை நீட்ட மறுத்த யெகோவாவின் சாட்சிகள் சிறைக்கும் வதைமுகாமுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. முகாமில் அவர்கள் உடையில் ஊதா முக்கோணம் தைக்கப்பட்டிருந்தது.

1940 ஜூன் 3-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிள்ளைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. போர் நெருங்கிய நேரம். தேசபக்திக்கு நீதிமன்றமே முத்திரை குத்திவிட்டதாக எண்ணிய கும்பல்கள் பல ஊர்களில் சாட்சிகளைத் தாக்கின. சில நாட்களுக்குள் மெய்ன் மாநிலத்தின் கென்னபங்கில் அவர்களின் கூடம் தீவைக்கப்பட்டது. 1942-இல் அந்த எட்டுப் பேரில் மூவர், நாங்கள் தவறு செய்துவிட்டோம் என்று வேறொரு வழக்கில் வெளிப்படையாக எழுதினார்கள். நீதிபதிகள் அப்படி எழுதுவது அபூர்வம். 1943 ஜூன் 14 அன்று, மேற்கு வர்ஜீனியாவின் பார்னெட் சகோதரிகள் வழக்கில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பழைய தீர்ப்பு கவிழ்ந்தது. அமெரிக்கா கொடி நாள் கொண்டாடும் தேதி அது. இந்த இரு குடும்பங்களின் பெயரையும் நீதிமன்ற ஏடுகள் எழுத்துப் பிழையோடுதான் பதிந்தன. கொபிடாஸ் கொபிடிஸ் ஆனது, பார்னெட் பார்னெட்டி ஆனது. வழக்குகள் இன்றும் பிழையான பெயரிலேயே நிற்கின்றன.

கிடங்கூர்ப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும், தடையின்றிப் படிக்க விடவும் நம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, அவர்கள் நீக்கப்பட்டு ஓராண்டும் 16 நாட்களும் ஆகியிருந்தன.

36 ஆண்டுகள் கழித்து அந்தத் தீர்ப்பு மறுபடி மேசைக்கு வந்தது. ஷிரூர் மடம் இருக்கும் அதே உடுப்பியில், அரசுக் கல்லூரியில் படித்த முஸ்லிம் மாணவிகள் தலைத்துணியோடு வகுப்புக்குள் விடப்படவில்லை. 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் இருவரும் இரண்டாகப் பிரிந்தார்கள். மாணவிகளுக்கு எதிராக எழுதினார் ஹேமந்த் குப்தா. அவர்கள் பக்கம் நின்ற சுதான்ஷு துலியா, முக்கிய ஆதாரமாக எடுத்துக்கொண்டது பிஜோ இம்மானுவேல் தீர்ப்பை. உரிய அமர்வை அமைக்கும்படி வழக்கு தலைமை நீதிபதிக்கு அனுப்பப்பட்டது.