ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள்: கைபேசி விளையாட்டின் மீது ஊடகம் சுமத்தும் பழி

இளைஞர்களின் வன்முறைக்கும் மரணத்துக்கும் கைபேசி விளையாட்டே காரணம் என்று எழுதும்போது, நிறுவப்படாத தொடர்பொன்றை நம் ஊடகங்கள் முடிந்த உண்மையாக்கிவிடுகின்றன. உண்மையான கேடு அதற்குப் பின்னால் மறைந்துகொள்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2017 ஆகஸ்ட் 30 அன்று மதுரை அருகே கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தார். அவருடைய குறிப்பில் 'புளூவேல்' என்ற இணைய விளையாட்டின் பெயர் இருந்ததாகக் காவல்துறை கூறியது. செய்திகளின் தேடல் பெரும்பாலும் அப்பெயரோடு நின்றது. செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டம் குழுமூரில் மாணவி அனிதா இறந்தார். பிளஸ் 2 தேர்வில் 1200க்கு 1176 எடுத்தவருக்கு மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வில் கிடைத்தது 86. இங்கே ஊடகங்கள் பாடத்திட்டத்தை, பயிற்சிக் கட்டணத்தை, சாதியை, மூட்டை தூக்கும் தந்தையின் கூலியை, உச்ச நீதிமன்ற உத்தரவை எல்லாம் விசாரித்தன. ஒரு மரணத்தின் பின்புலத்தைத் தேடும் ஆற்றல் நம் செய்தியாளர்களுக்கு உண்டு என்பதற்குக் குழுமூரே சான்று. மதுரையில் அது பயன்படாமல் போனதற்கு, பழியேற்க ஒரு விளையாட்டின் பெயர் கைவசம் இருந்ததே காரணம்.

பின்னர் ஒன்றிய அரசு அமைத்த குழு, நாடெங்கும் புளூவேலோடு இணைத்துப் பேசப்பட்ட மரணங்களை ஆராய்ந்தது. எந்த நிகழ்விலும் அதன் பங்கை நிறுவ முடியவில்லை என்று 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அச்சத்தைப் பரப்பிய தலைப்புகளின் அளவுக்கு இந்தப் பதில் மக்களைச் சென்றடையவில்லை.

வன்முறை பற்றிய ஆய்வுகளும் நிதானத்தையே கோருகின்றன. வன்முறை நிறைந்த விளையாட்டுக்கும், கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு ஆக்ரோஷச் செயல்களுக்கும் சிறிய தொடர்பு உண்டு. கொடும் வன்முறைக்கு அதைக் காரணமாக்கப் போதிய சான்று இல்லை என்று 2020இல் அமெரிக்க உளவியல் சங்கம் அறிவித்தது. அதே ஆண்டு பப்ஜி என்ற கைபேசி விளையாட்டுக்கு வந்த தடையை விளையாட்டு அடிமைத்தனத்துக்கு முடிவு என்று பலர் வரவேற்றார்கள். தடைக்கு அரசு சொன்ன காரணமோ நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும்.

அப்படியானால் அடிமைத்தனமே இல்லையா என்ற மறுப்பு நியாயமானது. இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டையே முதன்மையாக்கல், பாதிப்பு தெரிந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்கள் நீடிக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். விடுமுறையில் மணிக்கணக்கில் ஆடும் சிறுவனுக்கு இது பொருந்தாது. பணம் கட்டி ஆடும் ரம்மியோ வேறு வகை. அங்கே கடன் பெருகப் பெருக நிறுவனத்தின் வருவாய் பெருகுகிறது. தமிழ்நாட்டின் 2022 சட்டமும், ஒன்றிய அரசின் 2025 சட்டமும் குறிவைத்தது இந்த வணிகத்தைத்தான். பொழுதுபோக்கு விளையாட்டையும் பணம் கட்டி ஆடும் விளையாட்டையும் 'ஆன்லைன் கேம்' என்ற ஒரே தலைப்பில் எழுதினால் சிறுவன் குற்றவாளியாவான். சூதாட்ட நிறுவனம் தப்பித்துக்கொள்ளும்.

ஆகவே பெரம்பலூரிலோ அரியலூரிலோ விளையாட்டோடு இணைத்துப் பேசப்படும் மரணம் நேர்ந்தால், செய்தியாளர் முதலில் கேட்க வேண்டியவை வேறு. பணம் கட்டினாரா? கடன் இருந்ததா? பள்ளியிலும் வீட்டிலும் என்ன நெருக்கடி? மாவட்ட மனநலத் திட்டத்தின் உதவி எட்டியதா? 2019இல் இந்தியப் பத்திரிகை மன்றம் ஏற்ற வழிகாட்டுதல்கள் தற்கொலைச் செய்தியில் பரபரப்பைத் தவிர்க்கச் சொல்கின்றன. அவற்றைப் பின்பற்றி, 14416 என்ற உதவி எண்ணையும் சேர்த்து எழுதும் செய்தி, ஒரு குடும்பத்தையாவது உரிய நேரத்தில் மருத்துவரிடம் கொண்டுசேர்க்கக்கூடும்.