மூட்டு மாற்றுப் பதிவேடு

செயற்கை இடுப்பு, முழங்கால் மூட்டு பொருத்தப்பட்டவர்களின் அறுவை விவரங்களை நாடு தழுவத் திரட்டி, பல்லாண்டு பின்தொடரும் தரவுத்தொகுப்பு. நோயாளியின் வயது, அறுவைக்கான காரணம், மூட்டின் தயாரிப்பு வகை, எலும்புச் சிமென்ட் பயன்பாடு முதலியன இதில் பதியப்படும். முழங்காலுக்கு 1975இலும் இடுப்புக்கு 1979இலும் பதிவேடு தொடங்கி சுவீடன் வழிகாட்டியது. நார்வே 1987இலும் ஆஸ்திரேலியா 1999இலும் தொடர்ந்தன. இங்கிலாந்தும் வேல்ஸும் 2003இல்தான் விழித்துக்கொண்டன.

சில நூறு பேரைக் கொண்ட மருத்துவச் சோதனையில் தென்படாத பழுது, பல்லாயிரம் பேரின் பதிவில் தென்பட்டுவிடும். டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு இதற்குத் தக்க சான்று. உலோகம் உலோகத்தோடு உராயும் அமைப்பு அது. அதைப் பொருத்தியவர்களுக்கு மறுஅறுவை மிகுதியாகத் தேவைப்படுவதை ஆஸ்திரேலியப் பதிவேடு 2007 முதலே சுட்டிக்காட்டியது. ஆனாலும் அந்நாட்டுச் சந்தையிலிருந்து அது விலக 2009 டிசம்பர் ஆயிற்று. உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது 2010 ஆகஸ்டில். அதற்குள் ஏறத்தாழ 93,000 மூட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. எச்சரிக்கை வந்தும் செயல் தாமதித்ததைப் பதிவேட்டின் குறையாகக் கொள்ள முடியாது.

உண்மையான குறை அளவுகோலில் உள்ளது. மூட்டைக் கழற்றி மாற்றினால்தான் தோல்வி எனக் கணக்காகும். வலியைப் பொறுத்துக்கொண்டு நடமாடுபவரும், மறுஅறுவையைத் தாங்கும் உடல்நிலை இல்லாதவரும் கணக்கில் வெற்றியாகவே நிற்பார்கள். அதனால் இப்போது பல பதிவேடுகள் வலி, நடமாட்டம் குறித்து நோயாளிகளிடமே கேட்டுப் பதிகின்றன.