தோட்டச் செம்மண்ணும் செப்பாங் தாரும்: பின்சக்கர இயக்கம், நாற்சக்கர இயக்கம் குறித்த ஒரு மறுவிசாரணை

செப்பாங் பந்தயத் தடம் சிலாங்கூர் மாநிலத்தில் இருந்தாலும், அதன் ஓசை எட்டும் தொலைவில் நெகிரி செம்பிலான் தொடங்கிவிடுகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்தத் தடம் முன்பு செம்பனை மரங்கள் நின்ற நிலத்தில் அமைந்தது. நீலாய், லாபு, மந்தின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அங்கே போய்ச்சேர அரை மணி நேரம் போதும். பால்மரம் சீவிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று சிரம்பான், செனவாங் பட்டறைகளில் எஞ்சின் பிரித்துப் பூட்டுகிறார்கள். சிலர் காசு சேர்த்து செப்பாங்கில் டிராக் டேக்குக் காடியை எடுத்துச் செல்கிறார்கள். அந்தப் பட்டறைகளில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. பந்தயத் தடத்தில் ஓட்ட, பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் காடி நல்லதா, நான்கு சக்கரங்களும் இயங்கும் காடி நல்லதா?

இவ்விவாதத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் சான்று ஒன்றே. "பந்தயக் காடிகள் எல்லாம் பின்சக்கர இயக்கம்தானே!" இந்தச் சான்று செல்லாது என்பது இக்கட்டுரையின் முதல் வாதம். பந்தய விதிகளே நாற்சக்கர இயக்கத்தைத் தடுத்திருக்கும்போது, பந்தயத்தில் அது இல்லாமையைக் காட்டி அதன் தகுதியை அளக்க முடியாது. எந்த இயக்கம் பொருந்தும் என்பதை ஆற்றல், எடை, டயரின் பிடிமானம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வேகத்தை எல்லையாக வைத்துத் தீர்மானிக்கின்றன; அந்த எல்லை வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்பது இரண்டாம் வாதம்.

முதலில் வரலாறு. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32, ஜப்பானிய டூரிங் கார் போட்டித் தொடரில் 1990 முதல் 1993 வரை கலந்துகொண்ட 29 பந்தயங்களிலும் வென்றது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தை 1991, 1992 ஆகிய இரு ஆண்டுகளும் கைப்பற்றியது. அங்கே போட்டி அமைப்பாளர்கள் அதன் எடையைக் கூட்டினார்கள், ஆற்றலைக் குறைத்தார்கள். இறுதியில் விதியையே மாற்றினார்கள். அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் தொடரில் 1988இல் ஆடி 200 குவாட்ரோ பட்டம் வென்ற கையோடு அங்கும் கதவு மூடப்பட்டது. பிரிட்டனின் டூரிங் கார் தொடரில் 1996இல் ஆடி ஏ4 குவாட்ரோவில் பிராங்க் பீலா சாம்பியனானார். 1998இல் அந்தத் தொடரிலும் நாற்சக்கர இயக்கத்துக்கு இடமில்லை. மூன்று கண்டங்களில், ஏறத்தாழ ஒரே பத்தாண்டுக்குள், ஒரே நிகழ்வு. இவற்றில் நாற்சக்கர இயக்கம் வென்றதனால்தான் வெளியேற்றப்பட்டது.

இன்றைய ஜிடி3 வகுப்பு இதன் தொடர்ச்சி. ஆடி ஆர்8, லம்போர்கினி ஹுராகான், நிசான் ஜிடி-ஆர் ஆகியவை சாலைக்கு நாற்சக்கர இயக்கத்தோடு விற்கப்பட்டவை. அவற்றின் ஜிடி3 வடிவங்களில் முன்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகள் கழற்றப்பட்டிருக்கும். 2013 வரை சூப்பர் ஜிடி தொடர் செப்பாங்குக்கு வந்துகொண்டிருந்தபோது நம் மக்கள் கைதட்டிப் பார்த்த ஜிடி500 வகுப்பு ஜிடி-ஆர்களும் பின்சக்கர இயக்கத்தில் ஓடியவைதாம். பார்வையாளர் மேடையிலிருந்து அது தெரியாது. "ஜிடி-ஆர் கூடப் பின்சக்கரத்துக்கு மாறிவிட்டது" என்று அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்வது வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பதாகும்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. எந்தத் தடையும் இல்லாத காலத்திலேயே நாற்சக்கர இயக்கம் நேர்மையாகத் தோற்ற களம் ஒன்று உண்டு; அது பார்முலா ஒன். அந்தக் கதை நம் தோட்டங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பெயரிலிருந்து தொடங்குகிறது. தோட்டங்களில் டிரெய்லர் இழுத்த மேஸ்ஸி பெர்குசன் டிராக்டரின் பின்பாதிப் பெயருக்கு உரியவர் ஹாரி பெர்குசன். கலப்பையின் இழுவிசையையே பின்சக்கரங்களின் மேல் பாரமாக ஏற்றும் நீரழுத்த இணைப்பை அவர் உருவாக்கினார். அதனால்தான் எடை குறைந்த டிராக்டரும் மண்ணில் வழுக்காமல் இழுத்தது. இயங்கும் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறதோ அவ்வளவே இழுவை. இந்த விவாதம் முழுவதற்கும் அடிப்படையான இந்த விதியை, மழை நாளில் டிராக்டர் ஓட்டிய எந்தத் தோட்டத் தொழிலாளிக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதே பெர்குசன் பிற்காலத்தில் நாற்சக்கர இயக்கத்தின் பெரும் ஆதரவாளரானார். அவர் 1960இல் மறைந்தார். அவருடைய நிறுவனம் உருவாக்கிய பி99 காடியை 1961 செப்டம்பரில் ஓல்ட்டன் பார்க் கோல்ட் கப் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் வெற்றிக்கு ஓட்டிச்சென்றார். தடம் ஈரமாக இருந்தது. பார்முலா ஒன் பந்தயம் ஒன்றில் நாற்சக்கர இயக்கக் காடி வென்றது அந்த ஒருமுறைதான். 1969இல் லோட்டஸ் 63, மாட்ரா எம்எஸ்84, மெக்லாரன் எம்9ஏ என்று பலர் முயன்றார்கள். அதற்குள் பின்சக்கர டயர்கள் அகன்றுவிட்டன. காற்றிறக்கைகள் வந்து, ஓடும் காற்றே பின்சக்கரங்களை அழுத்தத் தொடங்கிவிட்டது. பெர்குசன் கலப்பையைக் கொண்டு செய்ததை இறக்கை காற்றைக் கொண்டு செய்தது. முன்சக்கர இயக்கத்தின் கூடுதல் எடைக்கு இனி ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. 1983இலிருந்து பார்முலா ஒன் விதி அதைத் தடைசெய்தது உண்மையே. ஆனால் அந்தத் தடைக்கு வெகுமுன்பே அது கைவிடப்பட்டிருந்தது.

ஒரே தொழில்நுட்பம் ஓரிடத்தில் வெல்ல முடியாததாகவும் மற்றோரிடத்தில் பயனற்றதாகவும் இருந்ததேன்? இங்கே கணக்குக்கு வருவோம்.

ஓட்டுநரோடு 1,300 கிலோ எடையும், அதில் 47 விழுக்காடு பின்னச்சின் மேலும், ஈர்ப்பு மையத்தின் உயரம் அச்சிடைத் தூரத்தில் 0.18 பங்கும் உள்ள ஒரு பின்சக்கர இயக்கக் காடியை எடுத்துக்கொள்வோம். டொயோட்டா 86, ஜிஆர்86 வகைக் காடிகள் ஏறத்தாழ இப்படித்தான். வேகமெடுக்கும்போது பாரம் முன்னச்சிலிருந்து பின்னச்சுக்கு நகரும். உலர்ந்த தாரில் பிடிமானக் கெழு 1.0 என்று கொண்டால், சக்கரம் சுழன்று வீணாகாமல் அது பெறக்கூடிய உச்ச முடுக்கம் 0.57 ஜி. இதே நிலையில் நாற்சக்கர இயக்கம் கோட்பாட்டளவில் 1.0 ஜி வரை எட்டலாம். வித்தியாசம் மலைக்கவைக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்த எஞ்சினில் ஆற்றல் வேண்டும். சக்கரத்தை வந்தடையும் ஆற்றல் 150 கிலோவாட் என்றால், மணிக்கு 74 கிலோமீட்டரைத் தாண்டியதுமே அந்த எஞ்சினால் 0.57 ஜி முடுக்கத்தைத் தர முடியாது. அதற்குமேல் நேர்கோட்டில் நான்கு சக்கரமும் இழுத்தால் என்ன, இரண்டு இழுத்தால் என்ன? இழுவை எல்லைக்குள்தான் இருக்கும். அந்த 74 கிலோமீட்டரையே நான் எல்லை வேகம் என்கிறேன்.

வளைவிலிருந்து வெளிவரும்போது கணக்குச் சற்று மாறும். டயரின் பிடிமானத்தில் பத்தில் ஏழு பங்கு பக்கவாட்டில் செலவாகிக்கொண்டிருந்தால், எல்லை வேகம் ஏறத்தாழ 110 கிலோமீட்டருக்கு உயரும். ஸ்டீயரிங் நேராக நேராக அது மீண்டும் இறங்கும். 1,600 கிலோ எடையும் சக்கரத்தில் 350 கிலோவாட்டும் கொண்ட காடிக்கோ, நேர்கோட்டிலேயே எல்லை 140 கிலோமீட்டர். ஜிடி-ஆர் போன்ற கனத்த, ஆற்றல் மிக்க காடிகளுக்கு நான்கு சக்கரம் ஏன் அவ்வளவு உதவியது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. போர்ஷ 911 ஜிடி3 மட்டும் 500 குதிரைத்திறனைப் பின்சக்கரங்களிலேயே தாங்குவதற்குக் காரணம் அதன் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருப்பது. பின்னச்சில் 61 விழுக்காடு எடை என்று வைத்தால் இழுவை எல்லை 0.74 ஜிக்கு உயர்கிறது.

இப்போது செப்பாங்கைப் பார்ப்போம். 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். சாதாரண விளையாட்டுக் காடியை உண்மையிலேயே மெதுவாக்கும் வளைவுகள் இரண்டாவது, ஒன்பதாவது, பதினைந்தாவது போன்றவை. ஐந்தும் ஆறும் நீண்டு விரியும் வேக வளைவுகள், பன்னிரண்டும் அப்படியே. அவற்றில் 150 கிலோவாட் காடி இழுவைப் பஞ்சத்தில் இருப்பதில்லை. பக்கவாட்டுப் பிடிமானத்துக்கே அலைகிறது. அங்கே நாற்சக்கர இயக்கத்தால் வருவது கூடுதல் எடை மட்டும். ஹுராகானின் பின்சக்கர வடிவம் நாற்சக்கர வடிவத்தைவிட 33 கிலோ குறைவு. அதுவும் எடைக்குறைப்பில் கைதேர்ந்த ஒரு நிறுவனம் செய்தது. அந்த எடையை ஒவ்வொரு வளைவிலும் டயர் சுமக்கிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரேக் சுமக்கிறது. திருப்புவது, நிறுத்துவதில் பெரும்பங்கு, அதன்மேல் இழுப்பதிலும் பங்கு என்று மூன்று வேலையையும் முன்சக்கர டயரே பார்க்கும்போது, பகல் வெயிலில் தகிக்கும் செப்பாங் தாரில் சில சுற்றுகளிலேயே அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். காடியின் மூக்கு வளைவுக்கு வெளியே ஓடும்.

ஆகவே மிதமான ஆற்றலுள்ள காடி வைத்திருக்கும் நம் இளைஞருக்கு, உலர்ந்த தடத்தில் பின்சக்கர இயக்கமே பொருத்தம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். பந்தயக் காடிகளின் முன்னுதாரணம் இதற்கு ஆதாரமாகத் தேவையில்லை. மேற்கண்ட கணக்கு போதும்.

மழை வந்தால்? நம் நாட்டில் பிற்பகல் மழையை ஒதுக்கிவிட்டு இந்த விவாதத்தை நடத்த முடியாது. 2009ஆம் ஆண்டு மலேசிய கிராண்ட் பிரீ மழையால் பாதியில் நின்று, 31 சுற்றுகளோடு முடிவு அறிவிக்கப்பட்டு, பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. ஈரத் தாரில் பிடிமானக் கெழு 0.5 என்று குறைந்தால், மேற்சொன்ன சிறிய காடியின் எல்லை வேகம் 74இலிருந்து 164 கிலோமீட்டருக்குத் தாவுகிறது. அதாவது ஏறக்குறைய தடம் முழுவதும் நாற்சக்கர இயக்கத்துக்கு இழுவையில் ஆதாயம் உண்டு. இதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இழுவை ஆதாயம் வேறு, பிடிமான ஆதாயம் வேறு. எல்லாக் காடிகளும் நான்கு சக்கரங்களாலேயே நிற்கின்றன, நான்கு சக்கரங்களாலேயே திரும்புகின்றன. நாற்சக்கர இயக்கம் ஓட்டுநரை அடுத்த வளைவுக்கு அதிக வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே நிறுத்தித்தரும் பொறுப்பு அதனுடையதன்று. 1992 பாதர்ஸ்டில் நடந்ததை இதற்குச் சாட்சியாகக் கொள்ளலாம். திடீர் மழையில் வழுவழுப்பான உலர்தட டயர்களோடு ஓடிய ஜிடி-ஆர் சறுக்கிப்போய் மோதியது. பந்தயம் நிறுத்தப்பட்டு முந்தைய சுற்றின் நிலை கணக்கில் எடுக்கப்பட்டதால்தான் அது வென்றதாக அறிவிக்கப்பட்டது. நான்கு சக்கரமும் இயங்கியது, ஆனால் டயர் தவறானது.

இதற்கு நேர் எதிரான சாட்சி செப்பாங்கிலேயே இருக்கிறது. 2012 மலேசிய கிராண்ட் பிரீயில் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், அந்த ஆண்டின் மிக மெதுவான காடிகளில் ஒன்றான எச்ஆர்டியில், வரிசையின் கடைக்கோடியில் தொடங்கினார். முன்னால் நின்ற பலர் இடைநிலை டயரில் இருக்க, அவர் முழு மழை டயரில் இருந்தார். மழை வலுத்து, சிவப்புக் கொடி காட்டிப் பந்தயம் நிறுத்தப்பட்டபோது அவர் பத்தாம் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். களத்தில் இருந்த அத்தனை காடிகளும் பின்சக்கர இயக்கம்தான். வேறுபடுத்தியது டயர். தமிழ் வாசகர்கள் அந்தப் பந்தயத்தை சக ஓட்டுநர் வெட்டலோடு நேர்ந்த மோதலுக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். என் கருத்தில் அந்தச் சிவப்புக் கொடி நேரமே அன்றைய பந்தயத்தின் மிக முக்கியமான தொழில்நுட்பப் பாடம்.

தாரை விட்டுத் தோட்டச் சாலையில் இறங்கினால் எதிர்வாதமே இல்லை. தளர்ந்த செம்மண்ணும் சரளையும் ஈரத் தாரைப் போலவே பிடிமானம் குறைந்தவை. ஆண்டு முழுவதும் எல்லை வேகம் உச்சத்தில்தான். 1980இல் அறிமுகமான ஆடி குவாட்ரோ, உலக ராலித் தொடரில் 1982, 1984 ஆகிய ஆண்டுகளின் தயாரிப்பாளர் பட்டங்களை வென்றது. இடையே 1983இல் லான்சியா 037 வென்றதே பின்சக்கர இயக்கத்தின் கடைசிப் பட்டம். ஆசிய-பசிபிக் தொடரின் மலேசியச் சுற்று பல ஆண்டுகள் ஜொகூர் தோட்டச் சாலைகளில் நடந்தது. அந்த மண்ணில் தேர்ந்த மலேசிய சீக்கியர் கரம்ஜித் சிங், இணை ஓட்டுநர் ஆலன் ஓ துணையோடு 2002இல் உலக உற்பத்திக் காடி ராலிப் பட்டத்தை வென்றது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனை அடியொற்றிய புரோட்டான் பெர்ட்டில், நாற்சக்கர இயக்கத்தில். பகாவிலோ ரந்தாவிலோ வளர்ந்த ஒருவர் எவல்யூஷன்தான் உலகிலேயே சிறந்த காடி என்று வாதிட்டால், அவர் அறிந்த மண்ணில் அது முழு உண்மை. அந்த உண்மையை மாற்றமின்றித் தாருக்கு எடுத்துச் செல்லும்போதே பிழை நுழைகிறது.

இந்த இரு துருவங்களையும் இணைத்த காடியும் உண்டு என்பது கவனத்துக்குரியது. ஆர்32 ஜிடி-ஆரின் அட்டேசா அமைப்பு இயல்பில் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்கே அனுப்பும். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும்போதுதான் முன்னச்சுக்குப் பகிரும். எல்லை வேகத்துக்கு மேலே பின்சக்கர இயக்கம், கீழே நாற்சக்கர இயக்கம். 29 வெற்றிகளுக்கும் பின்னால் இருந்த அறிவு இதுவே.

நடைமுறையில் மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. நேரம் பதிவுசெய்யும் டிராக் டேக்களில் காடிகளை இயக்க வகையால் பிரிப்பதை விட்டு, ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ எடை என்ற விகிதத்தாலும் டயர் வகையாலும் பிரிக்கலாம். ஒன்பதாவது, பதினைந்தாவது வளைவுகளின் வெளியேற்ற வேகத்தை உலர்ந்த நேரத்திலும் மழை நேரத்திலும் தனித்தனியே பதிவுசெய்தால், மேலே தந்த எல்லை வேகங்களை எவரும் சோதித்துப் பார்க்க முடியும். புதிதாக வரும் இளைஞர் காடியை மாற்றக் கடன் வாங்குவதற்கு முன், உலர்தடத்துக்கு ஒரு செட் செமி ஸ்லிக், மழைக்கு ஆழமான வரிப்பள்ளம் உள்ள மற்றொரு செட் என்று இரண்டு செட் டயர் வாங்கட்டும்.