தோள் சுழற்றுத் தசைப்பட்டைப் பெருங்கிழிவு அறுவைச் சிகிச்சை

தோள் சுழற்றுத் தசைப்பட்டைப் பெருங்கிழிவு அறுவைச் சிகிச்சை என்பது தோள் மூட்டைச் சூழ்ந்துள்ள தசைநாண்கள் பெருமளவில் கிழிந்துவிடும்போது, வலியைக் குறைக்கவும் கையை உயர்த்தும் திறனை மீட்கவும் செய்யப்படும் பல்வேறு அறுவை முறைகளைக் குறிக்கும். இத்தசைப்பட்டையை மருத்துவர்கள் 'ரொட்டேட்டர் கஃப்' என அழைப்பர். கிழிவின் அளவு மட்டுமன்றி, கிழிந்த தசை எந்நிலையில் உள்ளது என்பதும் சிகிச்சை முறையைத் தீர்மானிக்கிறது. தசையின் நிலை காலம் செல்லச் செல்லச் சீர்கெடுவதால், நோயை உரிய நேரத்தில் கண்டறிதல் இன்றியமையாதது.

உடற்கூறு

தோள் மூட்டில் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியுள்ளது. சூப்பிராஸ்பினேட்டஸ், இன்பிராஸ்பினேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் ஆகிய 4 தசைகளின் நாண்கள் இத்தலையை ஒரு பட்டைபோல் சூழ்ந்துள்ளன. இவை கையைச் சுழற்றுவதோடு, எலும்புத் தலையைக் குழியோடு அழுத்திப் பிடிக்கின்றன. அப்பிடிமானம் இருக்கும்போதுதான் தோளின் வெளிப்புறத்திலுள்ள டெல்டாயிட் தசையால் கையை உயர்த்த முடியும். பட்டை பெரிதும் கிழிந்தால், டெல்டாயிட் இழுக்கும் போது கை உயராமல் எலும்புத் தலை மேல்நோக்கி நழுவுகிறது. நரம்பு பாதிக்கப்படாத நிலையிலும் கையைத் தூக்க இயலாத இந்நிலை 'போலி வாதம்' எனப்படுகிறது.

பெருங்கிழிவும் அதனைக் கண்டறிதலும்

5 செ.மீ.க்கு மேற்பட்ட கிழிவு, அல்லது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாண்கள் முழுமையாக அறுந்த நிலை பெருங்கிழிவு எனக் கொள்ளப்படுகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் தசைநாண் தெரியாது. எனவே எலும்பு முறிவு இல்லை என்பதால் மட்டும் காயம் இல்லை என முடிவு செய்தல் தவறாகும். எனினும் எலும்புத் தலைக்கும் அதன் மேலுள்ள அக்ரோமியன் எலும்பு முனைக்கும் இடையிலான தொலைவு 7 மி.மீ.க்குக் குறைந்திருப்பின், அது நாட்பட்ட பெருங்கிழிவின் அறிகுறியாகலாம். கிழிவை உறுதிசெய்ய மீயொலிச் சோதனையும் எம்.ஆர்.ஐ. சோதனையும் பயன்படுகின்றன.

அறுந்த தசை நாளடைவில் சுருங்கி, அதனுள் கொழுப்பு படிகிறது. பிரான்சு நாட்டு மருத்துவர் கூட்டாலியேயும் அவர்தம் குழுவினரும் 1994இல் இதனை 0 முதல் 4 வரையான நிலைகளாக வகைப்படுத்தினர். 3ஆம் நிலையில் தசையும் கொழுப்பும் சம அளவில் இருக்கும். 4ஆம் நிலையில் கொழுப்பு மிகுந்திருக்கும். நாணை மீண்டும் தைத்தாலும் இக்கொழுப்பு மாற்றம் பெரும்பாலும் மறைவதில்லை.

வரலாறு

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் எர்னஸ்ட் ஏமரி காட்மன் 1909இல் கிழிந்த நாணைத் தைத்து, அதுபற்றி 1911இல் எழுதினார். தோள் குறித்த அவரது நூல் 1934இல் வெளிவந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிறு துளைகள் வழியே மூட்டு உள்நோக்கியைச் செலுத்தித் தைக்கும் முறை பரவலாயிற்று.

அறுவை முறைகள்

• நாண் தைப்பு: எலும்பில் சிறு நங்கூரங்களைப் பதித்து, அவற்றின் நூல்களால் நாணை மீண்டும் எலும்போடு பிணைத்தல். தசை நல்ல நிலையில் இருப்போர்க்கு இதுவே முதல் தேர்வு. பெருங்கிழிவுகளில் தைத்த இடம் மீண்டும் பிரிவது மிகுதி. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 18 பேரில் 17 பேருக்கு நாண் மீண்டும் பிரிந்திருந்தது. ஆயினும் அவர்களுள் பலருக்கு வலி குறைந்திருந்தது.

• பகுதித் தைப்பும் துப்புரவும்: முழுமையாகத் தைக்க இயலாதபோது, இயன்ற பகுதியை மட்டும் தைத்து, நைந்த திசுக்களை அகற்றுதல்.

• தசைநாண் மாற்றம்: முதுகிலுள்ள லட்டிசிமஸ் டார்சி தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்துதல். சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கெர்பர் 1988இல் இதனை விவரித்தார். உடலுழைப்பில் ஈடுபடும் இளையோர்க்கு இது பரிந்துரைக்கப்படுவதுண்டு.

• மேல் மூட்டுறை மீளமைப்பு: தொடையிலிருந்து எடுத்த திசுவைக் கொண்டு எலும்புத் தலை மேலேறாமல் தடுத்தல். ஜப்பானின் டெருஹிசா மிஹாட்டா 2007இல் இதனைத் தொடங்கினார்.

• எதிர்மாற்றுச் செயற்கை மூட்டு: குழி இருந்த இடத்தில் உருண்டையும், உருண்டை இருந்த இடத்தில் குழியும் பொருத்தப்படும். இதனால் சுழற்றுத் தசைகளின் உதவியின்றியே டெல்டாயிட் கையை உயர்த்துகிறது. பிரான்சின் பால் கிராமோன் 1985இல் இதன் ஒரு வடிவத்தை உருவாக்கினார். மூட்டுத் தேய்மானமும் போலி வாதமும் உள்ள முதியோர்க்கு இது பெரிதும் பயன்படுகிறது. டெல்டாயிட் தசையும் அதன் நரம்பும் நன்றாக இயங்குதல் கட்டாயம். கிருமித் தொற்று, மூட்டு நழுவுதல் ஆகியன இதன் முக்கியச் சிக்கல்கள்.

• பலூன் இடுகை: எலும்புத் தலைக்கு மேல் கரையும் தன்மையுள்ள பலூனை வைத்தல். 117 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், பலூனின்றித் துப்புரவு மட்டும் செய்யப்பட்டோர் மேலான பயன் பெற்றிருந்தனர்.

அறுவை தேவைப்படாதோர்

பெருங்கிழிவு உள்ள அனைவருக்கும் அறுவை தேவையில்லை. வலி குறைவாக உள்ள முதியோர் பலர், டெல்டாயிட் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளால் அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறது. மாறாக, விழுந்த உடனே கையைத் தூக்க இயலாமற் போனவர்களுக்குச் சில வாரங்களுக்குள் அறுவை செய்வது நல்லது.

மறுவாழ்வு

நாண் தைப்புக்குப் பின் ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் கையைத் தொங்குகட்டில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இயன்முறைப் பயிற்சி படிப்படியாகத் தொடங்கும். பளு தூக்கும் வேலைக்குத் திரும்ப 6 மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். புகைபிடித்தலும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் நாண் ஒட்டுவதைத் தாமதப்படுத்தும்.

மலைப்பகுதிகளில் சிகிச்சை

தலைக்கு மேல் கையை உயர்த்திச் செய்யும் வேலையும் ஏணியிலிருந்து விழுதலும் சுழற்றுத் தசைப்பட்டையைப் பாதிக்கக்கூடியவை. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் வாழவந்தி நாடு உள்ளிட்ட ஊர்களில், மரங்களில் படரும் மிளகைப் பறிப்பது இத்தகைய வேலையாகும். அங்கிருந்து சமவெளிக்கு வரும் மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எனவே சுளுக்கு எனக் கருதி எண்ணெய் தேய்த்துக் காத்திருத்தலும், அறுவைக்குப் பின் பயிற்சியைப் பாதியில் விடுதலும் எளிதில் நேரக்கூடியவை.

நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடிச் சென்று அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. பல மாதப் பயிற்சி தேவைப்படும் தோள் நோயாளிகளுக்கு, அறுவை அரங்கைப் போலவே இத்தகைய தொடர் சிகிச்சையும் முக்கியமானது.

இவற்றையும் பார்க்க

• தோள் மூட்டு
• தசைநாண்
• இயன்முறை மருத்துவம்
• கொல்லிமலை