காதலும் கொலைப்பழியும்: சதாசிவம் வழக்கை முன்வைத்து

திருகோணமலையில் கோணேசர் மலைக்கு ஏறும் எவருக்கும் அந்த ஒல்லாந்தர் காலத்துத் தூணைப் பற்றிய கதை தெரியாமலிருக்காது. பிரான்சினா என்ற ஒல்லாந்தப் பெண், தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைப் பார்த்தபடியே 1687ஆம் ஆண்டில் மலையுச்சியிலிருந்து கடலில் குதித்தாளாம். என் உம்மாவின் வாப்பா, நாங்கள் மூத்தவாப்பா என்போம், இதைச் சொல்லும்போது கப்பலின் பாய் எந்தப் பக்கம் திரும்பியது என்றுகூடச் சொல்வார். ஒல்லாந்த ஆவணங்களைத் தேடியவர்கள் வேறு விதமாய்ச் சொல்கிறார்கள்: அந்தப் பெண் அதன் பிறகும் உயிரோடிருந்தாள், மணமும் முடித்தாள். இதை நான் அவரிடம் சொன்னபோது, "கடுதாசியிலே அப்படி இருக்கும்" என்று முடித்துவிட்டார்.

காதல் என்று ஒன்று இருந்தால் அதற்கொரு சாவும் இருந்தாக வேண்டும். இருந்த சாவுக்கும் அந்தக் காதலே காரணமாக வேண்டும். இந்த நினைப்பு நமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஒரு நீதிமன்றமும் இதே நினைப்போடு 57 நாட்கள் மல்லுக்கட்டியிருக்கிறது. அந்த வழக்கையும் நான் முதலில் மூத்தவாப்பாவின் வாயால்தான் கேட்டேன்.

மகாதேவ சதாசிவத்தைப் பற்றிக் கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. 1915இல் பிறந்தவர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். மறுவருடம், இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கிய பிரட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிரே இலங்கைக்குத் தலைமை தாங்கியவர். ஆட்டத்தில் இருந்த அலட்சியமான அழகு வாழ்க்கையிலும் இருந்தது. மைதானத்தில் அது ரசிக்கப்பட்டது, வீட்டில் நான்கு பெண்பிள்ளைகளோடு இருந்த மனைவிக்கு அது என்னவாயிருந்திருக்கும் என்று எவரும் எழுதவில்லை. இடையில் இவோன் ஸ்டீவன்சன் என்ற பெண்ணோடு காதல். மனைவி விவாகரத்து வழக்குத் தொடுத்தார்.

1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென்ட் அல்பன்ஸ் பிளேசில் இருந்த அவர்களது வீட்டின் கராஜில் மனைவியின் உடல் கிடந்தது. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் உரல். முந்திய இரவு சதாசிவம் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தார், காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வெளியேறியிருந்தார். அண்மையில் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் என்ற இளைஞன் நகைகளோடு காணாமற் போயிருந்தான்.

இந்த இடத்தில் ஊர் தீர்ப்பெழுதி முடித்துவிட்டது. திருகோணமலையிலும்தான். அப்போது துறைமுகம் வெள்ளைக்காரன் கடற்படையின் கையில். மூத்தவாப்பாவுக்கு அங்கே வேலை. கொழும்புப் பேப்பர் ரயிலில் வந்து சேரும்வரை சாயக் கடையில் காத்திருப்பார்களாம். "வேறொருத்தி இருக்கிறாள், பொஞ்சாதி வழக்குப் போட்டிருக்கிறாள், பிறகென்ன கேள்வி?" இதுதான் கடையின் ஒருமித்த முடிவு. தூக்குத்தான் என்று மூத்தவாப்பா பந்தயமும் கட்டியிருந்தார். தோற்றால் கடையிலுள்ள எல்லோருக்கும் பிளேன்டீ.

கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அரச தரப்பின் வாதமும் ஏறக்குறைய அதுதான். பிடிபட்ட வில்லியத்துக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கினார்கள். உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும் என்பதே நிபந்தனை. அவன் அரச தரப்புச் சாட்சியானான். எசமான் மாடியறையில் கழுத்தை நெரித்தார், நான் உதவினேன், இருவருமாய் உடலைக் கீழே கொண்டுவந்தோம் என்பது அவன் கதை.

நமது சாட்சியச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது, இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. ஒரு செயலுக்கான நோக்கத்தைச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்று அதன் 8ஆம் பிரிவு கூறுகிறது. குற்றத்தில் பங்கெடுத்தவனின் வாக்குமூலத்தை வேறு ஆதாரம் தாங்காதவரை நம்பத் தகாததாக நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று இன்னோரிடத்தில் எச்சரிக்கிறது. காதல் என்ற நோக்கமும் கூட்டாளியின் வாக்குமூலமும் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து நின்றால் என்ன செய்வது? வில்லியம் சொல்வதை ஏன் நம்ப வேண்டும் என்றால், இவருக்குக் காதலி இருந்தாளே. காதலி இருந்தால் கொன்றுவிடுவாரா என்றால், வில்லியம் பார்த்தானே! இரண்டு பொய்க்கால்கள் ஒன்றிலொன்று சாய்ந்து நிற்பதுபோல.

இதை உடைத்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. இடதுசாரித் தலைவர், பின்னாளில் 1972 அரசியலமைப்பின் சிற்பி. இலங்கையில் பிரித்தானியர் ஆட்சியின் தொடக்க காலத்தைப் பற்றி அவர் எழுதிய வரலாறு என் அலுமாரியில் இருக்கிறது. ஆவணத்தை ஆவணத்தோடு மோதவிட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கம்தான் நீதிமன்றத்திலும் அவருக்குக் கைகொடுத்தது என்பது என் எண்ணம்.

அவர் பற்றிக்கொண்டது உடலின் சூட்டை. உயிர் போன உடல் சுற்றியிருக்கும் காற்றின் வெப்பத்துக்கு மெல்ல மெல்ல இறங்கி வரும். குளிர்நாட்டுப் புத்தகங்கள் மணிக்கு இத்தனை பாகை என்று ஒரு கணக்கு வைத்திருந்தன. கொழும்பின் புழுக்கத்தில் அந்தக் கணக்குச் சரிவராது. உடலுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் குறைவு, ஆகவே ஆறுவதும் மெதுவாக நடக்கும். இறந்த உடனே சிறிது நேரத்துக்குச் சூடு இறங்காமலே நிற்பதும் உண்டு. பிரேத பரிசோதனை செய்த பேராசிரியர் டி சேரம் இதை ஊகத்துக்கு விடவில்லை. தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில், சாவின் நேரம் நிமிடக் கணக்கில் தெரிந்த உடல்களில், சூடு இறங்கும் வேகத்தை அளந்து பார்த்தார். அந்த ஆய்வு 1955இல் வெளிநாட்டுச் சஞ்சிகையிலும் வெளிவந்தது. அவரது கணக்குப்படி மரணம் நிகழ்ந்தது பத்தே முக்கால் மணிக்குப் பிறகு. வாடகைக் கார் அதற்கு முன்பே சதாசிவத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

தூக்கில் தொங்கியவர்களின் உடல்கள் ஒருவனைத் தூக்கிலிருந்து இறக்கின. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒருமாதிரியாக இருக்கும்.

எதிரி தரப்பு எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித்தையும் அழைத்திருந்தது. அவர் டி சேரத்தின் பக்கம் நின்றார். இறந்த பெண்ணின் பாதங்களில் ஒட்டியிருந்த அழுக்கையும், வில்லியத்தின் உடலில் இருந்த கீறல்களையும் வைத்து, கொலை நடந்த இடம் மாடியறையல்ல, சமையலறை என்ற முடிவுக்கு வந்தார். அப்படியானால் வில்லியத்தின் கதைக்கு நிற்க இடமில்லை. நீதியரசர் கிரேஷன் முன்னிலையில் ஜூரர்கள் 1953 ஜூன் 25ஆம் திகதி ஏகமனதாக எதிரி சுற்றவாளி என்றனர். மரணத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 625 நாட்கள். மன்னிப்புப் பெற்ற வில்லியம் மீது பிறகு வழக்கே இல்லை.

இந்த இடத்தில் ஓர் எதிர்க்கேள்வி வரும். காதலுக்காகக் கொன்றவர்களே இல்லையா? இருக்கிறார்கள். நான்கு தசாப்தங்களுக்கு முன் கொழும்பு கின்சி வீதித் தேவாலயத்தின் குருவானவர் மத்தியூ பீரிஸின் வழக்கு நாட்டையே உலுக்கியது. அவரது காதல் உண்மையிலேயே வயதுபோன காலத்துக் காதல். 1978 ஓகஸ்டில் அந்தப் பெண்ணின் கணவரும், 1979 மார்ச்சில் குருவானவரின் மனைவியும் இறந்தனர். இருவருமே இரத்தத்தில் சீனி தாழ்ந்து மயங்கியவர்கள். ஜூரர் இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரித்து 1984இல் இருவரையும் குற்றவாளிகள் என்றனர். சூழ்நிலைச் சாட்சியம்தான். அங்கும் காதல்தான் நோக்கம். ஆனால் தீர்ப்பைத் தாங்கியதில் ஆஸ்பத்திரிப் பதிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே நோக்கம், இரண்டு தீர்ப்பு. இரண்டிலும் முடிவைச் சொன்னது உடல். முன்னதில் அது காதலோடு முரண்பட்டது, பின்னதில் ஒத்துப்போனது. காதல் மட்டும் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டியிராது.

சதாசிவம் விடுதலையான பின் இவோனை மணந்தார். மலாயா, சிங்கப்பூர் என்று போய் அங்கும் அணிகளுக்குத் தலைமை தாங்கினார். 1977இல் காலமானார். தொடக்கத்தில் ஒரு மோகமாகவே இருந்ததென்றாலும், தூக்குக்கயிறு பார்த்துக்கொண்டிருந்த இருபது மாதங்களைத் தாண்டி நின்ற ஒன்றை மோகம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அவரை நல்ல கணவர் என்று யாரும் எழுத வேண்டியதில்லை. ஜூரர்களிடம் அது கேட்கப்படவும் இல்லை. கொலைசெய்யவில்லை என்பது ஒன்று, அந்த வீட்டில் ஒரு பெண் விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போகுமளவுக்கு ஆனது இன்னொன்று. முதலாவதற்குக் கிடைத்த விடுதலையைக் காட்டி இரண்டாவதையும் மூடிவிடுகிற கிரிக்கெட் அன்பர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களும் சாயக் கடைக்காரர்களைப் போலத்தான், திசை மட்டும் வேறு.

பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ இந்த வழக்கைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2006இல் வந்தது. அதை வாசித்து முடித்த கிழமை, கராஜ், உரல், உடற்சூடு என்று எல்லாவற்றையும் வீட்டில் உம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். உம்மாவுக்கு நினைவிருந்தது வேறு. தீர்ப்பு வந்த அன்று மூத்தவாப்பா சொன்ன சொல் தவறாமல் கடையிலிருந்த அத்தனை பேருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாராம். ஆனால் மௌத்தாகும்வரை, "தப்பிவிட்டான்" என்றுதான் சொன்னாராம். "செய்யவில்லை" என்று ஒருநாளும் சொன்னதில்லையாம்.