பட்டாளமும் சேரியும்: மேல்மலையனூர் வட்டாரத்திலிருந்து சில பதிவுகள்

பட்டாளத்துக்குப் போன நம் ஆட்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு உண்டு. 'வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குச் சண்டை போட்டவன்' என்பது ஒன்று. 'மிலிட்டரிக்காரன்னா ரம்மும் கதையும்தான்' என்பது இன்னொன்று. இரண்டுமே சேரிக்கு வெளியே உண்டான பேச்சு. மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டை பக்கத்துச் சேரிகளில் இருந்த பட்டாளத்துப் பெரியவர்கள் சொன்னதை 1980-களின் கடைசியிலிருந்து நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். இரண்டாம் உலகப்போருக்குப் போனவர்களில் எங்கள் பக்கம் இன்று யாரும் உயிரோடு இல்லை. அவர்கள் சொன்னதை வரலாற்றோடு வைத்துப் பார்க்கவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

எங்கள் பகுதிக்குப் பட்டாளம் புதிதல்ல. தென்கிழக்கே செஞ்சிக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரன் பிடித்தான், 1761-ல் இங்கிலீஷ்காரன் பிடித்தான். வடகிழக்கே வந்தவாசி. 1760 ஜனவரி 22-ல் அங்கே நடந்த சண்டையில் அயர் கூட் ஜெயித்தான், லாலி தோற்றான் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். இரண்டு பக்கமும் இந்த மண்ணின் சிப்பாய்கள் நின்றார்கள். அவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை.

கம்பெனிக்காரன் பறையர்களைப் படையில் சேர்த்தது நம்மேல் இருந்த பாசத்தால் அல்ல. அவனுக்குத் தேவை இருந்தது. 1824-ல் பர்மா சண்டைக்குப் புறப்படச் சொன்னபோது பாரக்பூரில் வங்காளப் படைச் சிப்பாய்கள் மறுத்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். மதராஸ் படை கப்பல் ஏறியது. அதிலும் 1780-ல் தொடங்கிய பயனீர் கம்பெனிகள், பின்னாளில் மதராஸ் சாப்பர்கள் ஆனவை, மண் வெட்டவும் பாதை போடவும் பாலம் கட்டவும் ஏற்பட்டவை. மண்வெட்டியைத் தொடுவது கேவலம் என்று நினைக்கிறவனை வைத்து அந்த வேலையைச் செய்ய முடியாது. ஏரிக்கரையிலும் கழனியிலும் தலைமுறை தலைமுறையாக மண் வெட்டிய கைகள் வேண்டியிருந்தன. அந்தக் கைகள் எகிப்து, ஜாவா, சீனா, அபிசீனியா வரை போயின.

தேவை தீர்ந்ததும் என்ன நடந்தது? 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத் தளபதியாகவும் பிறகு 1893 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆட்களுக்குப் போர்க்குணம் இல்லை என்றான். 'போர்ச் சாதிகள்' என்ற கொள்கை வந்தது. மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1890-களின் தொடக்கத்தில் மகாராஷ்டிராவில் மகர்களுக்கும் படையின் கதவு சாத்தப்பட்டது. பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர், படைப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். படையில் கிடைத்த அந்த எழுத்தறிவுதான் அம்பேத்கர் குடும்பத்துக்குப் படிப்பின் வாசலைத் திறந்தது. அந்த வாசலைத்தான் அடைத்தார்கள். முதல் உலகப்போரில் ஆள் போதாமல் 1917-ல் மகர் படை ஒன்றைத் திரட்டினார்கள், போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1933 வாக்கில் பயனீர் படைகளும் கலைக்கப்பட்டன. மதராஸ் சாப்பர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

பிறகு ஹிட்லரும் ஜப்பான்காரனும் வந்தார்கள். சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்தியப் படை 25 லட்சத்துக்கு மேல் பெருத்தது. 1941-ல் மகர் ரெஜிமெண்ட், 1943-ல் சமார் ரெஜிமெண்ட். மதராஸ் ரெஜிமெண்டும் திரும்ப உயிர்பெற்றது. ஐம்பது வருஷமாக இல்லாத போர்க்குணம் திடீரென்று எங்கிருந்து வந்தது? கோஹிமா பக்கம் சண்டை போட்ட சமார் ரெஜிமெண்டை 1946-ல் கலைத்துவிட்டார்கள். ராஜபுத்திரர், ஜாட், டோக்ரா என்று சாதிப் பெயரிலும் இனப் பெயரிலும் உள்ள ரெஜிமெண்டுகள் விடுதலைக்குப் பிறகும் தொடர்கின்றன.

எங்கள் சேரியிலிருந்து சாப்பராகப் போய் பர்மாவில் இருந்த தாத்தா ஒருவர் சொன்னார்: "பஞ்ச காலம்டா. கேவுரு கூட கெடைக்கல. பெங்களூர்ல சேத்துக்கினா மூணு வேளை சோறுன்னாங்க, போனேன். அங்க ஒரே லங்கர். ரெட்டியாரு வூட்டுப் புள்ளையும் நானும் ஒரே வரிசையில தட்டு புடிச்சி நின்னோம். மொத நாளு எனக்குத்தான் கை நடுங்குச்சி." ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் பாலம் போட்டதை அவர் மணிக்கணக்காகச் சொல்வார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், படையில் ரோமன் எழுத்தில் உருது படித்தார். "இங்கிலீஷ் எழுத்து, துலுக்க பாஷை, படிக்கிறவன் பறையன். எப்படி இருக்குது பாரு!" என்று சிரிப்பார்.

அதே காலத்தில் இத்தாலியில் மிக்னானோ அருகே, 1944 பிப்ரவரி 24-ல், மதராஸ் சாப்பர் படையின் சுபேதார் சுப்ரமணியன் கண்ணிவெடிமேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

திரும்பி வந்ததுதான் சொல்லவேண்டிய கதை. தாத்தா அவலூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்ஸ் காலோடு ஊர்த்தெரு வழியாக நடந்திருக்கிறார். ஒரு திண்ணையிலிருந்து, "இன்னாடா, பட்டாளம் போனா பள்ளத்தெரு மறந்துடுமா?" என்று கேட்டார்கள். "பூட்ஸைக் கழட்டிக் கையில எடுத்துக்கினேன். ஜப்பான்காரன் குண்டுக்கு பயப்படல. ஊர்ல எங்க அம்மா இருந்தா, கூலி வேலை நிறுத்திடுவான்னு பயந்தேன்." டீக்கடையில் அவருக்குத் தனிக் குவளை. ஹவில்தாராக இருந்தவர் திரும்பவும் 'ஆண்டே' என்று கூப்பிட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரனும் இதைத் தடுக்கவில்லை, அவனுக்குப் பின் வந்தவர்களும் தடுக்கவில்லை.

ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. மணியார்டர் பணத்தைப் பாட்டி சேர்த்துவைத்து ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை வாங்கினாள். தபால்காரர் சேரிக்குள் வராமல் ஆலமரத்தடியில் நின்று கூப்பிடுவார், அவள் ஓடுவாள். கைநாட்டு வைத்தவள், பிள்ளைகளைக் கையெழுத்துப் போட வைத்தாள். எங்கள் தெருவில் முதலில் வாத்தியார் வேலைக்குப் போனது பட்டாளத்து வீட்டுப் பிள்ளை. பண்ணையத்திலிருந்து முதலில் விடுபட்டதும் அந்த வீடுதான். பட்டாளத்துக் கதையில் பெண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்தப் பணம் நிலமானதும் படிப்பானதும் அவர்களால்தான்.

அடுத்த தலைமுறை 1971 போருக்குப் போனது. டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது அங்கே இருந்ததாகச் சொன்ன பெரியப்பா ஒருவர், ஏழு வருஷம் கழித்து 1978-ல் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட சேதியைக் கேட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். "எல்லைய காப்பாத்துனோம். இவங்கள யாரு காப்பாத்தறது?" என்று மட்டும் கேட்டார். 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போன மாமா இன்றைக்கும் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "செக்கிங் போனா வூட்டுக்கார அம்மா தமிழ்லயே, 'நீயும் தமிழ்ப் பிள்ளைதானே, உனக்குச் சாதி இல்லையோ?'ன்னு கேட்டுது. அங்கயும் இனத்துக்கு சாதின்னுதான் பேரு. எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சி." 1990 மார்ச்சில் படை திரும்பியது.

வெள்ளைக்காரன் படையில் நின்றதை நாம் கொண்டாடலாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். 1818 ஜனவரி 1-ல் பேஷ்வா படைக்கு எதிராகக் கோரேகாவில் நின்ற மகர்களின் நினைவுத்தூணுக்கு 1927-ல் அம்பேத்கர் போனார். உங்கள் முன்னோர் கோழைகள் அல்ல என்று தம் மக்கள் தெரிந்துகொள்வதற்கு அந்த இடம் உதவியது. கம்பெனி ஆட்சிக்கு நன்றி சொல்லும் வேலை அவருக்கு இல்லை. நாமும் பேரரசின் வெற்றிகளைத் தோளில் சுமக்க வேண்டியதில்லை. கூலிப்படை என்று சொல்லுகிறவர்களுக்கு முன்னால் தலைகுனியவும் வேண்டியதில்லை. ஊரில் கூலியும் கொடுக்காமல் வேலை வாங்கியவர்கள்தானே அதைச் சொல்கிறார்கள்!

மாணவர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சேரியில் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு டிஸ்சார்ஜ் புக் இருக்கலாம். பட்டா இல்லாத நம் ஆளின் பெயர், அப்பன் பெயர், ஊர், உயரம், நெஞ்சளவு, செய்த வேலை எல்லாம் அதில் எழுதியிருக்கும். கரையான் தின்பதற்குள் நகல் எடுங்கள். 1965-க்கும் 1971-க்கும் போனவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். போரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எந்தக் கம்பெனி, எந்த ஸ்டேஷன், லங்கரில் பக்கத்தில் உட்கார்ந்தது யார், லீவில் வந்தபோது எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வந்தீர்கள், பணத்தை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் இருந்த அம்மாக்களையும் பாட்டிகளையும் தனியாகக் கேளுங்கள். சொன்னபடியே, அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள்.