ஊசி போட்டாச் சோலி முடியுமா மாமா?

பொங்கலுக்குப் பொட்டிபுரம் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பொடியனைத் தெருநாய் கடிச்சுட்டு, தடுப்பூசிக்காக போடிக்கு நடந்துக்கிட்டு இருந்தாங்க. "எல்லாத்தையும் பிடிச்சு ஊசி போட்டுக் கொன்னாச் சோலி முடிஞ்சுதுல்ல? நீதான் எஞ்சினியராச்சே, சொல்லு மாப்ள"ன்னார் மாமா. அன்னைக்கு முழிச்சேன். ஆணிகளுக்கு நடுவுல கொஞ்சம் படிச்சுட்டு இப்ப பதில் சொல்றேன்.

மாமா சொன்னதைச் சென்னை எப்பவோ செஞ்சு பார்த்தாச்சு மக்களே. 1860-ல தொடங்கி 130 வருஷத்துக்கு மேல மாநகராட்சி நாய்களைப் பிடிச்சுக் கொன்னுச்சு. பிற்காலத்துல மின்சாரம் பாய்ச்சி. 1996 வாக்குல ஒரு நாளைக்கு 135 நாய் வரைக்கும் போச்சுங்கறது புளூ கிராஸ் சொல்ற கணக்கு. அப்படியும் நாய் குறையல. ஒரு தெரு காலியானா அடுத்த தெரு நாய் வந்துரும். மிச்ச சாப்பாட்டுல குட்டிகள் அதிகம் பிழைக்கும்.

கேப்டன் வி. சுந்தரமும் குடும்பமும் 1959-ல ஆரம்பிச்சது புளூ கிராஸ். கொல்லாம கருத்தடை பண்ணுங்கன்னு 1964-லயே கேட்டாங்க. அவரோட மகன் சின்னி கிருஷ்ணாவும் நம்மளை மாதிரி எஞ்சினியர்தான் :-) மாநகராட்சி ஒத்துக்கிட்டது 1996-ல. முழுசா 32 வருஷம்!

2001-ல மத்திய அரசு விதியே போட்டுச்சு. தீராத நோய், பிழைக்க முடியாத காயம், இதுக்கு மட்டும்தான் கருணைக்கொலை. அதுவும் மருத்துவர் கையால, வலியில்லாம. இன்னொரு நாய் பார்க்கக் கூடாது. 2023 புது விதியிலும் இது இருக்கு. காரணத்தை எழுதி வைக்கணும்னும் சொல்லுது.

அப்புறம் என்ன பிரச்சனை? 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலைய நாய்களைக் காப்பகத்துல விடணும், பிடிச்ச இடத்துல திரும்ப விடக் கூடாதுன்னுச்சு. உள்ள வர்ற குழாய் திறந்திருக்கு, வெளிய போற குழாய் அடைச்சிருக்கு. தொட்டி என்னாகும்? இடமில்லேங்கறதே ஒரு நாள் "தீராத நோய்"னு நோட்டுல ஏறிரும். அந்த பயம்தான் எனக்கு.

வெளிய போற வழி தத்து. அதே வருஷம் ஆகஸ்ட்ல, விருப்பமுள்ளவங்க உள்ளாட்சிகிட்ட விண்ணப்பிச்சுத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனா திரும்பத் தெருவுல விடக் கூடாதுன்னு அதே கோர்ட் சொல்லியிருந்துச்சு. நாமதான் காசு கொடுத்து லாப்ரடார் வாங்குறோம்.

நானும் யோக்கியன் இல்ல. மூணு வருஷம் முன்னாடி மழையில கிடந்த ஒரு கறுப்புக் குட்டியை ஒரு காப்பகத்துல விட்டுட்டு, புண்ணியம் பண்ணின மிதப்புல வந்துட்டேன். திரும்பப் போய்ப் பார்க்கல. அது இருக்கா, இல்லையா, யாராவது எடுத்தாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அதனால என் கோரிக்கை சின்னது. எத்தனை வந்துச்சு, எத்தனை தத்துப் போச்சு, எத்தனைக்கு ஊசி போட்டாங்க, ஏன்? ஒவ்வொரு காப்பகமும் மாசாமாசம் வாசல்ல எழுதி ஒட்டணும். தத்துக் கொடுக்கும்போது கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி போட்டுத்தான் கொடுக்கணும். ஆறு மாசம் கழிச்சு ஒரு ஆள் வீட்டுக்கு வந்து பார்க்கணும்.

போன்ல மாமாகிட்ட எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. "சரி, பொடியனைக் கடிச்சதுக்கு யாரு மாப்ள பொறுப்பு?"ன்னார்.

நியாயமான கேள்வி. 32 வருஷம் காது கேக்காம இருந்த நாமதான்னு நினைக்கிறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?